துப்பாக்கி யார் வீட்டைப் பார்க்கிறது?

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏழு பேர் சண்டைக்குத் தயாராக நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டு மணி இருக்கும். ஒருவர் கையில் ஒட்டடைக் கம்பு. ஒருவர் கையில் குடை. ஒருவர் கையில் தண்ணீர்த் தொட்டிக்கு வாங்கி மிச்சமிருந்த பிளாஸ்டிக் குழாய். சுபேதார் பொன்னுச்சாமி அண்ணாச்சி மட்டும் கைத்துப்பாக்கிதான் வேண்டும் என்று அடம்பிடித்து, சுவரில் துளை போடுகிற மெஷினை என் கணவரிடம் வாங்கி வைத்திருந்தார்.

ஏழு பேருமே ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். இருப்பதில் சின்னவருக்கு ஐம்பத்தைந்து வயது, பெரியவருக்கு எழுபத்தெட்டு.

"யாரும் அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைத் தூக்கினேன்.

ஆடி மாதம் அது. கயத்தாறுப் பக்கம் காற்றாலைகள் பேய் பிடித்தது மாதிரி சுற்றுகிற மாதம். அந்தக் காற்றில் அசையாமல் நிற்கச் சொன்னால் எப்படி நிற்பார்கள்? ஓடுகிற போஸுக்காக ஒற்றைக் காலில் நின்ற ஒருவர் அரைச் சுற்றுச் சுற்றி, காயப்போட்டிருந்த மிளகாய் வத்தல் மேல் போய் உட்கார்ந்தார். எறிகுண்டு வீசுகிற போஸுக்கு நான் கொடுத்த பெரிய வெங்காயத்தை இன்னொருவர் நிஜமாகவே வீசிவிட்டார். அது அடுத்த வீட்டுத் தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் நாய்கள் எல்லாம் குரைத்தன.

காசி அண்ணாச்சி மட்டும் தரையில் குப்புறப் படுத்து, குடையால் குறி பார்த்தபடி அப்படியே கிடந்தார். அடடா, என்ன ஒழுங்கு, இதல்லவா ராணுவம் என்று நாலு பக்கமும் சுற்றி வந்து படம் எடுத்தேன். கிட்டே குனிந்த பிறகுதான் குறட்டை கேட்டது.

பல்லும் பட்டாளமும்

இந்தத் தொடருக்குள் புதிதாக வருகிறவர்களுக்காக என்னைப் பற்றிக் கொஞ்சம். கோவில்பட்டியில் பல்செட் செய்கிற லேப் வைத்திருக்கிறேன். டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நான் பல் செய்து அனுப்புவேன். சுற்றுவட்டாரத்தில் அறுபதைத் தாண்டியவர்கள் சிரித்தால் பாதிச் சிரிப்பு என் கைவேலை. போன வாரம், சம்பந்திகள் இரண்டு பேரின் பல்செட் மாறிப்போன கதையை எழுதியிருந்தேன். இரண்டு வீட்டாரும் இன்னும் என்னோடு பேசவில்லை.

மிச்ச நேரத்தில் நான் ராணுவப் பொம்மை செய்கிறேன். நிஜ ஆளைப் பதினாறாகப் பிரித்தால் ஒரு பங்கு உயரம். ஒரு சாணுக்குள் அடங்கிவிடுகிற ஆள். முதலில் கம்பியை வளைத்து எலும்புக்கூடு மாதிரி ஒன்று செய்துகொள்வேன். அதன் மேல் பல் மெழுகை ஏற்றிச் செதுக்கி, பிறகு பல்செட் வார்க்கிற பொருளிலேயே வார்த்து, வர்ணம் அடிப்பேன். பல்லுக்கு இடுக்கு எடுக்கிற ஊசிதான் சட்டைப் பொத்தானும் போடுகிறது.

"எம் பொண்டாட்டிகிட்ட அறுபது ஆம்பளைக இருக்காவ. அத்தனை பேரும் அவ சொன்ன இடத்துல நிப்பாவ. நான் ஒருத்தன்தான் நிக்க மாட்டேன்." இது என் கணவர் முருகேசன், வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடம் சொல்வது.

பைத்தியம் சின்ன வயதிலேயே பிடித்தது. கழுகுமலைத் திருவிழாக் கடையில் பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்கள் பாக்கெட்டில் கிடைப்பார்கள். வாங்கி வந்த அன்றைக்கே என் அண்ணன் ஓடுகிறவனையும் பாய்கிறவனையும் எடுத்துக்கொண்டான். உட்கார்ந்திருக்கிறவனையும் படுத்திருக்கிறவனையும் என் பக்கம் தள்ளினான். பிறகு இரண்டு படைக்கும் நடுவில் காற்றாடியைப் போட்டோம். ஓடுகிறவர்கள் எல்லாரும் ஒரே நிமிஷத்தில் மல்லாந்தார்கள். என் படையில் ஒரு ஆள் அசையவில்லை. அன்றைக்கு அண்ணன் அழுத அழுகையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

போஸ் சரியா என்று பார்க்க என்னிடம் ஒரு நூல் உண்டு. நூலின் முனையில் சின்ன இரும்பு நட்டைக் கட்டி, பொம்மையின் கழுத்துக் குழியிலிருந்து தொங்கவிடுவேன். எந்தக் காலில் பாரத்தை வைத்து நிற்கிறானோ அந்தக் குதிகால் பக்கம் நட்டு வந்து நிற்க வேண்டும். விலகிப்போனால் அவன் நிற்கவில்லை, விழுந்துகொண்டிருக்கிறான்.

இந்த நூலை மனசுக்குள் எல்லா இடத்திலும் தொங்கவிட்டுப் பார்க்கிற வியாதி எனக்கு இருக்கிறது. என் கல்யாணப் போட்டோவில் நான் இடது பக்கம் விழுந்துகொண்டிருக்கிறேன். போட்டோக்காரர் தாடையைப் பிடித்து அப்படித் திருப்பிவிட்டார். முருகேசன் நேராக நிற்கிறார், கண்ணை மட்டும் மூடிவிட்டார்.

ஏழு பேரும் முன்னால்

எட்டயபுரத்துக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு கரிசல் கிராமம். பேரைப் போட்டால் வேன் பிடித்து வந்துவிடுவார்கள், அதனால் வேண்டாம். வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போன ஊர். அங்கே முன்னாள் ராணுவத்தார் சங்கம் முச்சந்தியில் ஒரு கட்டடம் கட்டி, வாசலில் பெரிய கண்ணாடிப் பெட்டி ஒன்றும் செய்து வைத்திருந்தது. உள்ளே என்ன வைப்பது என்று தெரியவில்லை.

சங்கத் தலைவர் பொன்னுச்சாமி அண்ணாச்சி, சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், பல்செட் கடிக்கிறது என்று லேப்புக்கு வந்தார். அலமாரியில் என் அறுபது ஆண்களைப் பார்த்தார். பல் வலியை மறந்துவிட்டார்.

"எம்மா செண்பகம், எங்க சங்கத்துல ஏழு பேரு இருக்கோம். உசுரோட இருக்கும்போதே எங்களைச் செஞ்சு அந்தப் பொட்டியில வச்சிரு. செத்த பொறவு மாலை போட்ட போட்டோவுல ஏழு பேரும் ஒரே மாதிரிதான் இருப்போம்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை நான் செய்த பொம்மையை யாரும் கேட்டு வாங்கியதில்லை. அன்றைக்கு மேல்தாடைப் பல்லைக் கீழ்த்தாடையில் வைத்து ஒரு செட்டை முடித்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் என் மாடிக்கு வந்தார்கள். ஏழு பேருக்கும் ஒரே போஸ்தான் வேண்டியிருந்தது. வாயைத் திறந்து கத்திக்கொண்டு, துப்பாக்கியை நீட்டி, எல்லாருக்கும் முன்னால் ஓட வேண்டும்.

"ஏழு பேரும் முன்னால ஓடினா பின்னால யாரு வாரது அண்ணாச்சி?"

"மத்த ஆறு பேரும்" என்றார் சுபேதார்.

பேசிப் பேசிப் பங்கு பிரித்தேன். சுபேதார் கைத்துப்பாக்கியோடு விரலை நீட்டி உத்தரவு போடுவார். இரண்டு பேர் ஓடுவார்கள். ஒருவர் எறிகுண்டு, ஒருவர் நின்று சுடுவது, காசி அண்ணாச்சி படுத்துச் சுடுவது. மண்டியிட்டுச் சுடுவதை அய்யாத்துரை அண்ணாச்சி முந்திக்கொண்டு கேட்டு வாங்கினார். எல்லையில் மண்டியிட்டு விடிய விடிய சுட்டதாக ஊர் டீக்கடையில் அவர் சொல்லாத நாளில்லை.

மண்டியிட்டார். ஆனால் தப்பான முட்டியை ஊன்றினார். ஒட்டடைக் கம்பின் அடியைத் தோளில் வைக்காமல் அக்குளில் செருகிக்கொண்டார்.

"என்ன வே, காய்ச்சல் பாக்குத மாதிரி வச்சிருக்கீரு" என்றார் சுபேதார்.

"எங்க ரெஜிமென்ட்டுல இப்படித்தான்" என்றார் அய்யாத்துரை. ஏழு பேரும் ஏழு இடத்தில் வேலை பார்த்தவர்கள். மறுத்துப் பேச ஆளில்லை.

மெழுகு சொன்னது

டீ குடிக்கிற நேரத்தில், முகத்தைச் செதுக்கிப் பார்க்கலாம் என்று ரோஸ் நிற மெழுகை வெயிலில் இளக வைத்திருந்தேன். "ஆளுக்குக் கொஞ்சம் கையில வச்சு உருட்டுங்க, இறுகிடாம இருக்கட்டும்" என்று கொடுத்தேன்.

ஆறு பேர் கையில் அது சாணி மாதிரி நசுங்கியது. அய்யாத்துரை அண்ணாச்சி பேசிக்கொண்டே உருட்டினார். கண் என்னவோ காற்றாலைப் பக்கம். கை தன்பாட்டில் கிள்ளியது, உருட்டியது, உள்ளங்கையில் தட்டியது, ஓரத்தைத் திருப்பி ஒரு தட்டு தட்டியது. டீ முடிவதற்குள் அவர் முன்னால் எட்டு வட்டங்கள் இருந்தன. பல் வேலைக்காக வைத்திருக்கிற அளவுகோலால் அளந்து பார்த்தேன். எட்டும் ஒரே அளவு.

"அண்ணாச்சி, பட்டாளத்துல என்ன வேலை பாத்தீங்க?"

"சுடுத வேலை" என்றார். எட்டையும் ஒன்றாகப் பிசைந்துவிட்டார்.

மறுநாள் லேப்புக்குத் தனியாக வந்தார். நான் பல் அச்சு வார்க்கிற மாவைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தவர், "தண்ணி கூடிப்போச்சும்மா" என்றார். கூடித்தான் போயிருந்தது.

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ராணுவத்தில் அவர் சமையல்காரர். பெண் பார்க்கப் போன இடத்தில், சமையல்காரனுக்குப் பெண் கிடையாது என்று மாமனார் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, கூட்டிப்போன தரகர் துப்பாக்கிக்காரர் என்று சொல்லிவிட்டார். இவரும் தலையை ஆட்டிவிட்டார்.

"பொறவு கரண்டியத் தொட்டா கை காட்டிக் குடுத்துரும்லா? அதான் அடுப்படிப் பக்கமே போகல. வெந்நி வைக்கக்கூடத் தெரியாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நூற்றுக்கணக்கான பேருக்குப் பொங்கிப் போட்ட மனிதர் வீட்டில் வெந்நீருக்குக் காத்து நிற்கிறார். சிரித்து முடித்து நிமிர்ந்தால் அவர் சிரிக்கவில்லை.

"முப்பத்தாறு வருசச் சோறு தாயி. வேலம்மா ஒத்தையில பொங்கினது. இப்பத் தெரிஞ்சா என்கூட இருப்பாளா? நீ மண்டி போட்டுச் சுடுத மாதிரியே வச்சிரு. என்ன ஆனாலும் மாத்திராத."

மாற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் அவர் பொம்மை மட்டும் சரியாகவே வரவில்லை. ஒன்பது தடவை கம்பியை வளைத்தேன், ஒன்பது தடவையும் நூல் வெளியே போய் விழுந்தது. கடைசியில் முருகேசனை ஒட்டடைக் கம்போடு மண்டியிட வைத்து, அவர் உடம்பில் அண்ணாச்சியின் தலையை ஒட்டினேன். கல்யாணமாகி முதல் தடவையாக முருகேசன் நான் சொன்ன இடத்தில் அசையாமல் இருந்தார்.

முச்சந்தியில் ஏழு குறி

திறப்பு விழா ஆவணியில். நாலு நாளுக்கு முன்னால் ஏழு பேரையும் மடியில் வைத்துக்கொண்டு வேனில் போனேன். மண் ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் பிள்ளைத்தாச்சி மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

பெட்டிக்குள் நிற்க வைத்து, கதவைச் சாத்தி, தள்ளி நின்று பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு பேரும் ஏழு திசையில், முதுகோடு முதுகாக, சுற்றி வளைக்கப்பட்டவர்கள் சண்டை போடுவது மாதிரி அமைத்திருந்தேன். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒருவர் முகமாவது தெரிய வேண்டும் என்று அவ்வளவு யோசித்து வைத்தது. அந்த யோசனைதான் என்னைக் கவிழ்த்தது.

எதிர்வீட்டுக் கனி அக்கா வாசல் தெளித்துவிட்டு வந்து பார்த்தார். குனிந்து, காசி அண்ணாச்சியின் துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"எம்மா, இது எங்க நடுவாசலப் பாக்குது."

"பொம்மைதானே அக்கா."

"அருவா புடிச்ச சாமியவே ஊர் எல்லையில, ஊருக்கு வெளிய பாக்கத்தான் வச்சிருக்கோம். ஊருக்குள்ள பாத்து யாராவது ஆயுதம் நீட்டுவாவளா?"

டவுனில் வளர்ந்த மண்டைக்கு இது தோன்றவே இல்லை. தெரு நேராக வந்து ஒரு வீட்டைக் குத்தினாலே தெருக்குத்து என்று பிள்ளையாரை வைக்கிற ஊர். அங்கே போய் முச்சந்தியில் ஏழு துப்பாக்கிகளை நிறுத்தியிருக்கிறேன்.

பெட்டியைக் கொஞ்சம் திருப்பினோம். கனி அக்கா வீடு தப்பியது, பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். இன்னும் திருப்பினோம். ஓடுகிறவர் பால் சொசைட்டியைக் குறி வைத்தார், எறிகுண்டுக்காரர் அம்மன் கோயிலைக் குறி வைத்தார். கோயில் என்றதும் பூசாரி வந்துவிட்டார். கதவைத் திறந்து எல்லாரையும் சுவரைப் பார்க்க நிறுத்தினால் ஏழு வீரர்களின் பின்பக்கமும் ஊரைப் பார்த்தது. அதற்கும் ஆட்சேபம் வந்தது. சாயங்காலத்துக்குள் பெட்டி மூன்று முழுச் சுற்று சுற்றிவிட்டது.

"துப்பாக்கிய வேணும்னா எடுத்துருதேன். சுபேதார் விரலை மட்டும் விட்டுருங்க" என்று கெஞ்சினேன்.

"விரல்தான் ரொம்ப மோசம்" என்றார் கனி அக்கா.

ஆயுதம் இல்லாத போஸ்

மறுநாள் காலை சங்கக் கட்டடத்தில் கூட்டம். ஏழு பேர் பாயில் உட்கார்ந்தார்கள். பெண்கள் வாசலை அடைத்து நின்றார்கள். அய்யாத்துரை அண்ணாச்சியின் மனைவி வேலம்மாளை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். குட்டையான, வேகமான மனுஷி. வேலிக்கருவை விறகு வெட்டிக் கட்டிக்கொண்டு வந்தவர், கட்டைப் படியோரம் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

தலை அப்படியே இருக்கும், கையை மட்டும் அறுத்து வேறு கை வைத்துவிடலாம், மூன்று நாளில் முடித்துத் தருகிறேன் என்று சொன்னேன். ஆனால் யாரையும் எதையும் குறி பார்க்காத போஸாக இருக்க வேண்டும்.

"துப்பாக்கி இல்லாம பட்டாளத்துல என்னம்மா போஸ் இருக்கு?" என்றார் சுபேதார்.

"நெசமா என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்களோ அதைச் சொல்லுங்க அண்ணாச்சி."

சுபேதாரே ஆரம்பித்தார். "பாதி நாளு நான் ஈரக் காலுறையக் காயப்போட இடம் தேடிக்கிட்டு இருந்தேன்."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஒருவர் டிரங்குப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து ஊருக்குக் கடிதம் எழுதினாராம், மூன்று வரிக்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல். ஒருவர் முடி வெட்டிவிட்டாராம், மேஜருக்குக் காதோரம் வெட்டிவிட்டு ஒரு வாரம் ஒளிந்து திரிந்தாராம். ஒருவர் சீட்டாட்டம். ஒருவர் அந்தக் குளிரிலும் குளிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வெறும் சோப்பை மட்டும் நனைத்துக்கொண்டு வருவாராம். காசி அண்ணாச்சிக்கு நான் எதையும் மாற்ற வேண்டாம் என்றார்கள், துப்பாக்கியை எடுத்துவிட்டுப் போர்வையைப் போர்த்தினால் போதுமாம். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் கம்பியை எடுத்து வளைக்க ஆரம்பித்துவிட்டேன். இந்த மாதிரி ஒரு காலையை எனக்குக் கொடுத்ததற்காகக் கனி அக்காவுக்கு மாலை போடலாம் என்று இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். எல்லாரும் ஆளுக்கொரு வேலையாக இருந்தால் காட்சி சிதறிப்போகும். எல்லார் கண்ணும் போய்ச் சேர நடுவில் ஒன்று வேண்டும்.

"லங்கர வச்சிரு" என்றார் காசி அண்ணாச்சி. பட்டாளத்து அடுப்படிக்கு அதுதான் பேர். "சப்பாத்திக் கல்லு, அடியில தீ. குளுருக்கு எல்லாரும் அதத்தான் பாத்துக்கிட்டு நிப்போம்."

எல்லார் முகமும் மலர்ந்தது. சரி, கல்லில் யார் நிற்பது? மலர்ந்த முகமெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"எட்டாவதா ஒருத்தன வச்சிரு, பேரு போட வேண்டாம்" என்றார் சுபேதார். "எங்க லங்கர்ல ஒரு பய இருந்தான். அவன் போட்ட சப்பாத்திய பூட்சுக்கு அடியில வச்சுத் தைக்கலாம். சண்டைக்கு ஆகாதவனத்தான அங்கன தள்ளுதாவ."

நான் அய்யாத்துரை அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து, "இந்த அண்ணாச்சிக்கும் கடிதம் எழுதுற போஸ் வச்சிரலாம்" என்று அவசரமாகச் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை, ஏனென்றால் அவர் எழுந்துவிட்டார்.

"பூட்சா?" என்றார். "குளுருல மாவு செத்துக் கெடக்கும் வே. பச்சத் தண்ணியில பிசைஞ்சா பூட்சாத்தான் வரும். வெந்நியில பிசையணும். பிசைஞ்சு ஈரத்துணிய மூடி, அடுப்போரத்துல வைக்கணும். நெருப்புக்கு ரொம்பக் கிட்டயும் ஆகாது. எவன் வே உமக்குப் போட்டான்?"

பேசப் பேசக் குத்தவைத்துவிட்டார். இடது உள்ளங்கையில் இல்லாத மாவு, வலது கையில் கட்டை. "தேய்க்கதுல ஓரம் தடிச்சிரக் கூடாது, நடுவு கிழிஞ்சிரக் கூடாது. நூத்தி இருவது பேரு. ஒருத்தன் அரை வயித்தோட மலையேறக் கூடாது. ஏறுதவன் எறங்கி வருவானோ மாட்டானோ." தோளும் இடுப்பும் ஒன்றாக முன்னால் போய்ப் பின்னால் வந்தன. ஒன்பது தடவை எனக்கு வராத உடம்பு அங்கே அப்படியொரு நேர்த்தியாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்திலும் நான் கம்பியைத்தான் வளைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவர் வாசலைப் பார்த்தார். கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்துதீங்க?" என்றார் வேலம்மாள். "தேயுங்க."

அண்ணாச்சி இல்லாத மாவை வேட்டியில் துடைத்தார்.

"எனக்குச் சிக்குன்குனியா வந்து ரெண்டு கையும் வீங்கிக் கெடந்தேன். பருப்பு டப்பா மூடிய பல்லால திறந்தேன். நீங்க வாசல்ல ஒக்காந்துக்கிட்டு, சோறு ஆச்சான்னு கேட்டீங்க. அப்ப எங்கன இருந்துச்சு இந்தக் கை?"

விறகுக்கட்டைத் தொடாமல் அவர் திரும்பி நடந்தார். இத்தனை நேரம் சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது. என் வாயும்தான். லேப்பில் அவர் இதைச் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பு எனக்கே கசந்தது.

அய்யாத்துரை அண்ணாச்சி மெல்ல எழுந்தார். போகிறபோது என் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார்.

"அதையே வச்சிரு தாயி" என்றார். விறகுக்கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

கண்ணாடிக்குள்ளும் வெளியிலும்

மூன்று நாளில் பதினாலு கைகளில் பத்தை அறுத்து மாட்டினேன், உட்கார வேண்டியவர்களுக்குக் காலையும். அய்யாத்துரை அண்ணாச்சிக்கு மட்டும் முழு உடம்பும் புதிது. முருகேசனின் உடம்பை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். நூலைத் தொங்கவிட்டேன். நட்டு போய் அவர் குதிகாலில் உட்கார்ந்தது. அப்போது கத்தியே விட்டேன்.

விழா அன்றைக்குத் திரையை விலக்கியதும் ஊர் மொத்தமும் பெட்டியை மொய்த்தது. நடுவில் தீ. கல்லின் முன்னால் அய்யாத்துரை அண்ணாச்சி. ஒரு கையில் காலுறையோடு சுபேதார், பேனாவைக் கடித்தபடி ஒருவர், கத்தரிக்கோலோடு ஒருவர். போர்வைக்குள்ளிருந்த காசி அண்ணாச்சி உட்பட ஆறு பேர் கண்ணும் அந்தச் சப்பாத்தியில். கனி அக்கா குனிந்து நாலு பக்கமும் பார்த்தார்.

"சப்பாத்தி யார் வீட்டப் பாத்தாலும் பரவாயில்ல" என்று அனுமதி கொடுத்தார்.

நிஜ அய்யாத்துரை அண்ணாச்சி கூட்டத்தில் இல்லை. அன்றைய சமையலை நான்தான் செய்வேன் என்று சுபேதாரிடம் கேட்டு வாங்கி, விடிந்ததிலிருந்து கட்டடத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஊருக்கே பூரியும் கிழங்கும். மூன்று நாளாக வேலம்மாள் தனக்கு மட்டும் பொங்கிக்கொண்டார் என்றும், அண்ணாச்சிக்கு டீக்கடை பன்தான் என்றும் பெண்கள் சொன்னார்கள்.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு வேலம்மாள் வந்தார். யாரையும் பார்க்காமல் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, வெகுநேரம் பார்த்தார். பிறகு சிறப்பு விருந்தினருக்காகத் துண்டு விரித்திருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். சிறப்பு விருந்தினர் பக்கத்தில் நின்றார்.

அண்ணாச்சி தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். முகம் முழுக்க அடுப்புக் கரி. தட்டைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். ஏழு பேரையும் இத்தனை நாள் உற்றுப் பார்த்தவள் நான், அந்த மனிதர் அப்படி நின்று பார்த்ததில்லை.

வேலம்மாள் பூரியைப் பிய்த்தார். கிழங்கைத் தொட்டார். மென்றார். ஒன்று முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களில் யாரும் சாப்பிடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தோம். மூன்றாவதையும் முடித்து, தட்டிலேயே கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு எனக்கு நூறு நாள் வேல இருக்கு" என்றார், அவர் முகத்தைப் பார்க்காமல். "ஏழு மணிக்குத் தூக்குச்சட்டியில சோறு இருக்கணும்."

அண்ணாச்சி எச்சில் தட்டைக் குனிந்து எடுத்தார்.

"என்ன கொழம்பு வைக்க?" என்று கேட்டார்.